மானுக்கு நிழல் வேண்டாம்

போன புரட்டாசியில் எங்கள் பள்ளிப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அழைப்பு வந்தது. "வல்லநாட்டு மான்களுக்காக மரம் நடுவோம்" என்று பச்சை எழுத்தில் போட்டு, கீழே ஒரு புள்ளிமான் படம். தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு சரணாலயம் ஆனது வெளிமானுக்காக. ஆனால் படத்துக்காக யாரோடும் சண்டை போட முடியாது, அதை விட்டுவிடலாம். அந்த வாசகம்தான் என்னை உறுத்தியது. பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மண்வெட்டியோடு கிளம்புகிறவர்களிடம் "தயவுசெய்து நடாதீர்கள்" என்று எப்படிச் சொல்வது? ஏற்பாட்டாளனாக இருந்த நண்பனை மட்டும் கூப்பிட்டு மெல்லச் சொல்லிப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மானுக்கு நிழல் வேண்டாமாடா?" என்றான். உண்மையாகவே கேட்டான், கிண்டல் இல்லை. அதற்கு ஒரு வரியில் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை நீண்டுபோனதற்கு அதுதான் காரணம்.

புள்ளிமானுக்கு நிழல் வேண்டும். மரத்தடியில் நின்று, உதிர்ந்த பழத்தையும் இலையையும் தின்று பிழைக்கத் தெரிந்த விலங்கு அது. சருகுமானுக்குப் புதரே வீடு. வெளிமான் அப்படியில்லை. அது நம்பியிருப்பது கண்ணையும் காலையும். எதிரி தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும், தெரிந்ததும் ஓட இடம் வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறார்கள். அந்த ஓட்டத்தைப் பழக்கிவிட்டதாகச் சொல்லப்படும் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952இலேயே அரசு அறிவித்துவிட்டது. துரத்த ஆள் போன பிறகும் கால் பழசை மறக்கவில்லை. இப்படிப்பட்ட விலங்கைச் சுற்றி மரம் வளர்ந்தால், நமக்குத் தோப்பாகத் தெரிவது அதற்கு நாயும் நரியும் ஒளிந்திருக்கும் இடமாகத்தான் தெரியும். நிழலுக்கு ஒதுங்காதா என்றால் ஒதுங்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் குடைவேல மரத்தடியில் உச்சி வெயிலுக்குப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்த மரங்களுக்கு நடுவே தூரம் இருக்கும். குட்டி போட்ட முதல் சில நாட்கள் தாய் அதைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். அந்தக் குட்டியை மறைக்க முழங்கால் உயரப் புல் போதும்.

(ஒரு இடைச்செருகல். விலங்கியல் படித்தவர்கள் வெளிமானை மான் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். மானுக்குக் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு ஆடுமாடுகளின் கொம்பைப்போல விழாமல் நிற்கும், அதனால் அது மாட்டுக் குடும்பத்தோடு போகிறது. நம் ஊரில் இரண்டுமே மான்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

கவலை குறைந்த மான்

நண்பனுக்கு இன்னொரு வாதமும் இருந்தது. அவனே தேடிப் பார்த்துவிட்டு அனுப்பினான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் வெளிமான் 2003இல் 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' என்று இருந்தது, 2017இல் 'தீவாய்ப்பு குறைந்த இனம்' என்று ஆகிவிட்டது. "அப்போ கவலைப்பட ஒன்றுமில்லையே?" என்று கேட்டிருந்தான். பட்டியல் சொல்வது தப்பில்லை. சுதந்திரத்தின்போது 80,000 இருந்த வெளிமான்கள் அறுபதுகளின் நடுவில் 8,000ஆகக் குறைந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 1972 வனவிலங்குச் சட்டம் வந்து, முதல் அட்டவணையில் சேர்த்து, துப்பாக்கிகளை அடக்கிய பிறகு எண்ணிக்கை ஏறியது. ராஜஸ்தானில் பிஷ்னோய் மக்கள் சட்டத்துக்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே காத்துவந்தார்கள். ஒரு இனமாக வெளிமான் பிழைத்துவிட்டது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்த விலங்கு ஒரே நாளில் எல்லா இடத்திலிருந்தும் மறைவதில்லை. ஒவ்வொரு துண்டாகத்தான் போகிறது. வங்கதேசத்தில் போனது. பாகிஸ்தானில் போனது. அமெரிக்காவில் டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் வேட்டை விளையாட்டுக்காக 1930களில் கொண்டுபோய் விட்டிருந்த வெளிமான்களின் வாரிசுகளில் சிலவற்றை 1970இல் பாகிஸ்தானின் லால் சுஹான்ராவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. சொந்த மண்ணின் மானை வேட்டைப் பண்ணையிலிருந்து வாங்கி வருவதைவிடப் பெரிய கேலி என்ன இருக்கிறது? நேபாளத்திலும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். 1975இல் பர்தியா மாவட்டத்தின் கைராப்பூரில் 9 மட்டும் தென்பட்டன. வயலும் மேய்ச்சலுமாக இருந்த இடத்தைக் காத்து, 2009இல் அதைத் தனிப் பாதுகாப்புப் பகுதியாக்கினார்கள். இன்று அங்கே இருப்பவை அந்த ஒன்பதிலிருந்து பெருகியவை.

தமிழ்நாட்டு வரைபடத்தில் வெளிமானுக்குப் பொட்டு வைத்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. கிண்டி, கோடியக்கரை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் சத்தியமங்கலம், தெற்கே வல்லநாடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மான் நடந்து போக வழியே கிடையாது. வல்லநாடு 1987இல் சரணாலயமானது, பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களில் இதுதான் தென்கோடி. அந்தப் பொட்டு அழிந்தால் உலகப் பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறாது. 'தீவாய்ப்பு குறைந்த இனம்' அப்படியே இருக்கும்.

மாமாவின் உளுந்து

வல்லநாட்டுக்கு வடக்கே என் மாமாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பார், ஒரு ஓரத்தில் மாட்டுக்குச் சோளம். சரணாலயத்து எல்லைக்கல் அங்கிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் மானுக்கு எல்லைக்கல் எதற்கு? உளுந்து நாலு இலை விட்டதும் வந்துவிடும். விடியக்காலம், பனி இறங்கும் நேரம், கருத்த கிடா ஒன்று முன்னால் நிற்க, மஞ்சள் பெட்டைகள் பின்னால் வரிசையாகத் தலை குனிந்து மேயும். நமக்குக் கேமராவை எடுக்கத் தோன்றும். மாமா தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார்.

அழைப்பு வந்ததற்கு அப்புறம் ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் இதைச் சொன்னேன். மரம் நடுவதில் அவருக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. "நட்டுட்டுப் போறாங்க. தண்ணி யாரு ஊத்துவா?" என்று மட்டும் கேட்டார். மானைப் பற்றித்தான் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. "மருமவனே, ஆடு மேஞ்சா ஆட்டுக்காரன்ட்ட சண்ட போடலாம். மானு மேஞ்சா யார்ட்ட போட?" ஒரு முறை நஷ்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனாராம். மேய்ந்தது மான்தான், பன்றியில்லை, மாடில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இவர் போகவில்லை. இதற்காக மானுக்கு விஷம் வைக்கிற ஆளில்லை மாமா. நாய் துரத்திக்கொண்டு வந்த பெட்டை ஒன்று பக்கத்துக் கிணற்றில் விழுந்தபோது கயிறு கட்டி இறங்கியவரே அவர்தான். தூக்கி மேலே போட்டதும், அடிபட்ட காயம் எதுவும் இல்லாமல் அது எழுந்து நின்றது, அரைமணி நேரத்தில் படுத்துச் செத்தும் போனது. மான் இனத்துக்கு இப்படி நடக்கும். பயந்து ஓடிய ஓட்டத்திலேயே தசை கெட்டு, நாய் பல் படாமலே செத்துவிடும். வனத்துறையினர் மானைப் பிடித்து இடம் மாற்றத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னாள். மறுநாள் காலையில் வழக்கம்போலத் தகரத்தைத் தட்டினார் என்றும் சொன்னாள்.

இந்த இரண்டையும் ஒரே மனிதர் செய்வதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்தான் விவசாயியை மானின் எதிரி என்றோ காவல் தெய்வம் என்றோ ஏதாவது ஒரு பக்கம் தள்ளப் பார்க்கிறோம்.

புழுக்கைக் குவியல்

மாமாவின் நிலத்துக்கு மேற்கே இன்னொருவருடைய நிலம் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வெளியூர் போய்ப் பல வருஷமாக உழவில்லை. பாதி சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. மீதி இன்னும் வெட்டவெளி, கொழுக்கட்டைப் புல் நிற்கிறது. அதன் நடுவில் ஒரு இடத்துக்கு மாமா கூட்டிக்கொண்டு போனார். வட்டமாகப் புல் மிதிபட்டு மொட்டையாக இருந்தது. மத்தியில் கருப்பாக, காய்ந்ததும் புதியதுமாக மான் புழுக்கைக் குவியல். வெளிமான் கிடா தனக்கென்று ஒரு திடலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அங்கேயே திரும்பத் திரும்பப் போய்ப் புழுக்கை போடும், இது என் இடம் என்று மற்ற கிடாக்களுக்குத் தெரிவிக்க. இது புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் குனிந்து பார்த்தபோது குவியலைச் சுற்றிலும் விரல் நீளத்தில் பச்சைச் செடிகள். எல்லாம் ஒரே ஜாதி. மாமா ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். "இது பூராம் மானு வெதச்சது. இன்னும் மூணு வருசத்துல இதுவும் உடங்காடு."

சீமைக்கருவேலம்தான் அது. கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது அந்த மரத்தின் நெற்று மட்டும் இனிப்பாக, சத்தாக உதிர்ந்து கிடக்கும். ஆடு தின்னும், மாடு தின்னும், மானும் தின்னும். உள்ளே இருக்கும் விதைக்குக் கடினமான தோல், வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். குஜராத்தில் வேளாவதர் புல்வெளியில் ஆய்வாளர்கள் இதற்கு மேல் ஒரு படி போனார்கள். 2013இல் வெளியான அவர்களுடைய ஆய்வின் சாரம் இது: கிடாக்கள் திடல் பிடிப்பது மரமில்லாத திறந்த இடத்தில், பெட்டைகள் பயமில்லாமல் வந்து போக. அவை அங்கேயே குவியல் குவியலாகப் புழுக்கை போடுவதால், விதைகள் சிதறாமல் அந்தத் திறந்த இடத்திலேயே போய்ச் சேருகின்றன. எந்த இடத்தில் மரம் வரக் கூடாதோ, அங்கேயே பார்த்து மான் விதைக்கிறது. அந்த ஆய்வை முன்பே படித்திருந்தேன், தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். கையில் அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அதன் முழு அர்த்தமும் உறைத்தது. மரம் அடர்ந்ததும் கிடா அந்தத் திடலை விட்டுவிட்டு அடுத்த வெளிக்குப் போகும். போகும்போது வயிற்றில் விதையோடு போகும்.

என் நினைப்பில் அதுவரை இருந்த 'பாதுகாப்பு' என்பது வேலி போட்டுவிட்டு ஒதுங்குவதுதான். மனுஷன் கையை எடுத்தால் போதும், இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்கிற நினைப்பு. காட்டுக்கு ஓரளவு அது சரி. இந்த வெட்டவெளிக்குச் சரியில்லை. இங்கே ஒதுங்கி நின்றால், வேலிக்குள் மானே தன் வீட்டை மூடிக்கொள்ளும். முன்னால் இந்த வெளிகளைத் திறந்து வைத்திருந்தது யார்? விறகுக்கு வெட்டியவர்கள், கிடை போட வந்த கீதாரிகளின் ஆடுகள், வருஷத்துக்கு ஒரு தடவை உழுத ஏர். வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்தது, கிடை ஆடு குறைந்தது, உழுதவன் பிள்ளை திருப்பூருக்கோ துபாய்க்கோ போனான். யாரும் மானைக் கெடுக்க இதையெல்லாம் செய்யவில்லை. நானும் ஊரைவிட்டுப் போனவன்தான். ஆடு அதிகமானால் மானுக்குப் புல் மிஞ்சாது என்பதும் உண்மை, அதனால் பழைய காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் தயாராக இல்லை.

சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்ட காலம் உண்டு, 2017இல் ஊர் ஊராக ஜேசிபி ஓடியது. அப்புறம் தடை வந்தது, வழக்கு இழுத்தது, வெட்டிய இடத்தில் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்தது. 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று அரசு தனியாகக் கொள்கையும் வெளியிட்டது. வேரோடு எடுத்து, மறுபடி முளைக்கிறதைப் பல வருஷம் தொடர்ந்து பிடுங்கினால்தான் பலன். இந்த மரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம், அவர்களைக் கேட்காமலும் செய்ய முடியாது. இவ்வளவு பாடுபட்டு வெட்டிய இடத்தில் உடனே ஒரு கூட்டம் வேம்பும் புங்கையும் நட வந்துவிடும். வேம்பின் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் மரம் நட்டால் படம் எடுத்துப் போடலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். ஒரு நிலத்தைப் புல்லாகவே விட்டுவைத்தோம் என்பதை எப்படிப் படம் எடுப்பது? வருவாய்க் கணக்கிலும் அது தரிசு.

கிண்டியும் ஹெலிகாப்டரும்

வேளாவதர் ஒரு காலத்தில் பாவ்நகர் மகாராஜாவின் புல்வெளி. அந்த மகாராஜா கிருஷ்ணகுமாரசிங்ஜிதான் 1948இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து கிண்டி மாளிகையில் குடியேறியவர். கிண்டியின் வெள்ளை வெளிமான்கள் அவர் கொண்டுவந்து விட்டவற்றின் வழி என்பார்கள். 1978இல் தேசியப் பூங்காவான கிண்டியின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். நகரத்தின் நடுவில் இவ்வளவு மரம் தப்பியதற்கு எல்லோரும் சந்தோஷப்படுகிறோம், நானும்தான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் மரத்தடி முழுக்கப் புள்ளிமான். வெளிமான்களைத் தேட வேண்டுமென்றால் போலோ மைதானம் மாதிரி மிச்சமிருக்கும் திறந்த இடங்களைத் தேட வேண்டும். வேட்டையாடி யாரும் குறைக்கவில்லை. காடு வளர்ந்தது, அவ்வளவுதான். கோடியக்கரையில் 1967 முதல் சரணாலயம் இருந்தும் அதே சீமைக்கருவேலம், போதாததற்கு மேய்ச்சலுக்குப் போட்டியாக மட்டக்குதிரைக் கூட்டம்.

மறுபக்கமும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாப்பூர் பக்கம் வெளிமான் பெருகி, விவசாயிகள் பொறுக்க முடியாமல் போராட, 2025 அக்டோபரில் ஹெலிகாப்டரை வைத்து மந்தைகளை ஓட்டி, புனல்போலக் குறுகும் திரைவேலிக்குள் அடைத்து, 800க்கும் மேற்பட்ட வெளிமான்களைப் பிடித்து வேறு காடுகளுக்கு மாற்றினார்கள். அதே மாநிலத்தில் இதற்கு முன்பே ஒரு பாடம் இருக்கிறது. கரேரா என்ற இடத்தில் கானமயில் என்ற பறவைக்காக 1981இல் சரணாலயம் அமைத்தார்கள், நிலம் பெரும்பாலும் தனியாருடையது. நிலத்தை விற்க முடியாது என்ற கட்டுப்பாடு ஒரு பக்கம், பாதுகாப்பில் பெருகிய வெளிமான் பயிரைத் தின்றது மறு பக்கம். ஊர் சரணாலயத்தையே வெறுத்தது. கடைசியில் கானமயில்தான் அங்கிருந்து மறைந்தது. வெளிமானைப் பற்றி நான் எவ்வளவு உருகினாலும் இந்தக் கதையை மறைத்துவிட்டு எழுத முடியாது. நிலத்துக்காரனைக் கேட்காமல் போட்ட வேலி யாரைக் காப்பாற்றும், யாரைக் கொல்லும் என்று முன்கூட்டித் தெரியாது.

அதனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், சரியா என்று பிறகு நீங்களே சண்டைக்கு வாருங்கள். வல்லநாட்டுக்கு வேண்டியது கன்று நடும் நாள் இல்லை, முளைத்ததைப் பிடுங்கும் நாள். அதுவும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும். குன்றின் மேல் இருக்கிற புதர்க்காடு அதன் போக்கில் இருக்கட்டும். அடிவாரத்து வெளியில், கிடாக்களின் புழுக்கைக் குவியல் எங்கெங்கே இருக்கிறது என்று குறித்துவைத்து, அதைச் சுற்றி மட்டும் வருஷா வருஷம் செடியைப் பிடுங்கினாலே பாதி வேலை முடியும், ஏனென்றால் மானே நமக்காக விதையை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை. இதை நண்பனிடம் சொன்னேன். "பிடுங்குறதுக்கு யாருடா ஸ்பான்சர் பண்ணுவா?" என்றான். ஆனால் மறுக்கவில்லை, வனத்துறையிடம் அனுமதி கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் நிலம்தான் நிஜமான சிக்கல். மேற்கு நிலத்தை ஒரு சோலார் நிறுவனத்துக்காகத் தரகர் பேசி முடித்துவிட்டார். மாமாவிடமும் வந்திருக்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு, வருஷா வருஷம் கையில், மழை வந்தாலும் வராவிட்டாலும். நான் மெதுவாக, அறுவடை முடிந்ததும் நிலத்தைத் திறந்தவெளியாகவே விட்டுவைக்கிற விவசாயிக்கு அரசு வாடகை மாதிரி ஏதாவது கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. சோலார்காரன் பத்திரத்துல எழுதித் தாரான். மானுக்காரன் எதுல எழுதித் தருவான்?"

தை அறுவடை வரைக்கும் அவகாசம் கேட்டிருக்கிறார். உளுந்து இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, மான் தின்றது போகவும்.